கொண்டு கொடுத்த உறவும் குறைந்த பிறப்பும்

1971இல் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி தன் வாழ்நாளில் பெற்ற பிள்ளைகளின் சராசரி 3.9. உத்தரப்பிரதேசத்தில் அது 6.6. இருபது ஆண்டுகள் கழித்து 1992-93இல் முதல் தேசியக் குடும்பநல ஆய்வு நடந்தபோது தமிழ்நாட்டின் கருவள விகிதம் 2.5 ஆக இறங்கியிருந்தது. உத்தரப்பிரதேசம் அப்போதும் 4.8இல் நின்றது. 2005-06இல் தமிழ்நாடு 1.8ஐத் தொட்டுவிட்டது. ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்புவதற்குத் தேவையான அளவு 2.1. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த அளவுக்குக் கீழே வந்தது 2019-21 ஆய்வில்தான்.

இந்த வேகத்துக்கு விளக்கம் தேடியவர்கள் இயல்பாகவே கேரளத்தோடு ஒப்பிட்டார்கள். கேரளத்தின் கதை எளிதில் விளங்கியது. 1991இல் அங்கே பெண்களில் 86 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள். குழந்தை இறப்பும் முன்னரே குறைந்திருந்தது. தமிழ்நாட்டில் அதே ஆண்டில் பெண்களின் எழுத்தறிவு 51 விழுக்காடுதான். 1971இல் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் வறுமையும் நாட்டின் சராசரியை ஒட்டியே இருந்தது. ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாத, நிலமில்லாத கூலிக் குடும்பத்துத் தாய்மார்களும் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். படிப்பும் வருமானமும் மட்டும் இதை விளக்கிவிடாது. பெண்ணை யாருக்குக் கொடுத்தார்கள், எவ்வளவு தொலைவில் கொடுத்தார்கள், கொடுத்த பிறகு அவளுக்கும் பிறந்த வீட்டுக்கும் என்ன உறவு இருந்தது என்ற கேள்விகளையும் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையின் முதல் பாதி பெருமைப்படத்தக்கது. இரண்டாம் பாதி வலி தருவது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இன்றைய தமிழ்க் குடும்பத்தைப் புரிந்துகொள்ள முடியும்.

வடக்கும் தெற்கும்: இரு மணமுறைகள்

மானிடவியலாளர் இராவதி கர்வே 1953இல் வெளியிட்ட நூலில் இந்தியாவின் உறவுமுறைகளை வட்டாரவாரியாகப் பிரித்துக் காட்டினார். வடக்கே பல சாதிகளில் பெண்ணை உள்ளூரில் கொடுப்பதில்லை. இரத்த உறவு கூடாது. ஏற்கெனவே பெண் கொடுத்த ஊரும்கூடச் சில இடங்களில் ஆகாது. அன்று பதினைந்து பதினாறு வயதுப் பெண் முன்பின் அறியாத வீட்டுக்குள் முக்காட்டோடு நுழைந்தாள். பெண் கொடுத்தவர்கள் பெண் எடுத்தவர்களைவிடத் தாழ்ந்தவர்கள் என்பது அங்கே எழுதாத சட்டம். மகள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கத் தயங்கும் தகப்பன்மார் உண்டு.

தெற்கே நிலைமை வேறு. அத்தை மகன், மாமன் மகன், பல சாதிகளில் தாய்மாமனே முறை மாப்பிள்ளை. மாமியார் பல வேளைகளில் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய அத்தை. பிறந்த வீடு அதே ஊரிலோ, காலையில் புறப்பட்டுப் போய் மாலையில் திரும்பும் தொலைவிலோ இருக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும். காதுகுத்து முதல் கல்யாணம் வரை தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு நடக்காது. ஆகவே பெண்ணுக்குக் கஷ்டம் வந்தால் கேட்க ஆள் உண்டு.

இந்த வேறுபாட்டையும் மக்கள்தொகை எண்களையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தவர்கள் டிம் டைசன், மிக் மூர். 1983இல் வந்த அவர்களுடைய கட்டுரை இன்றும் இந்தத் துறையின் தொடக்கப் பாடமாக இருக்கிறது. பிறந்த வீட்டுத் தொடர்பு அறுந்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் மதிப்பு வருவது மகன் பிறந்த பிறகுதான்; எத்தனை பிள்ளை, எப்போது மருத்துவரிடம் போவது என்று முடிவெடுக்கும் உரிமை அவளிடம் இல்லை. தொடர்பு அறாத பெண்ணுக்குக் கொஞ்சமேனும் சொல்லதிகாரம் இருக்கிறது. அந்தச் சொல்லதிகாரம் தாமதமான திருமணமாகவும், குறைந்த பிறப்பாகவும், குறைந்த குழந்தை இறப்பாகவும், மகளுக்கும் மகனுக்கும் இடையே குறைந்த பாகுபாடாகவும் கணக்கெடுப்பில் வெளிப்படுகிறது. அவர்களுடைய வாதத்தின் சாரம் இது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். வடக்கும் தெற்கும் மண்ணாலும் பயிராலும் அரசாட்சியாலும் வேறுபட்டவை. வித்தியாசம் உறவுமுறையிலிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்வது? மக்கள்தொகை ஆய்வாளர் அலகா பாசு இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல வழி கண்டார். டெல்லியின் மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஒன்றில் அருகருகே வாழ்ந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களையும் உத்தரப்பிரதேசக் குடும்பங்களையும் அவர் ஒப்பிட்டார். 1992இல் நூலாக வந்த ஆய்வு அது. இரு சாராரும் ஏழைகள். எட்டும் தொலைவில் அதே மருத்துவமனைகள். தமிழ்ப் பெண்கள் வேலைக்குப் போனார்கள், வெளியாட்களோடு பேசினார்கள், பிள்ளைக்கு நோய் வந்தால் தாங்களே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெண் குழந்தையைப் புறக்கணிக்கும் போக்கு அவர்களிடம் குறைவாக இருந்தது. ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்த பிறகும் பெண்கள் வளர்ந்த முறை அவர்களோடு வந்திருந்தது.

வழி திறந்தது, நடக்க வைத்தது யார்?

இதோடு நிறுத்திக்கொண்டால் வரலாற்றுக்கு நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். முறைமாமனும் தாய்வீட்டுப் பிரசவமும் பல நூற்றாண்டுகளாக இருந்தவை. அந்தக் காலம் முழுவதும் தமிழ்ப் பெண்களும் ஆறு, ஏழு பெற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். உறவுமுறை தந்தது ஒரு வாய்ப்பு. அதைச் செயலாக்கியவை அரசியலும் அரசும்.

1928இல் சென்னையில் நியோ-மால்தூசியன் லீக் தொடங்கியது. மேல்தட்டு ஆண்கள் நடத்திய அந்த அமைப்பின் கவலை நாட்டின் வறுமை, சனத்தொகைப் பெருக்கம் என்பவற்றைச் சுற்றியே இருந்தது. அதே ஆண்டுகளில் பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதத் தொடங்கினார். அவருடைய நியாயம் முற்றிலும் வேறு: பிள்ளை பெறும் கட்டாயத்திலிருந்து விடுபட்டால்தான் பெண் விடுதலை அடைய முடியும். நாட்டின் நன்மை, குடும்பத்தின் பொருளாதாரம் என்ற காரணங்களுக்கு முன்னால் பெண்ணின் சொந்த விடுதலையை அவர் வைத்தார். சுயமரியாதை மாநாடுகளிலும் திருமண மேடைகளிலும் இந்தப் பேச்சு சிற்றூர் வரை போனது. பின்னாளில் அரசு ஊழியர்கள் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசப் போனபோது, அந்தப் பேச்சை ஏற்கெனவே காது கொடுத்துக் கேட்டிருந்த ஊர்கள் இங்கே நிறைய இருந்தன.

அரசும் முன்னதாகவே இறங்கியது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி, பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராக வந்து, கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை தரும் முறையை 1950களின் பிற்பாதியிலேயே கொண்டுவந்தார். 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தன. வேலைக்குப் போன பிள்ளை பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக மாறியதும் பெற்றோரின் கணக்கு மாறியது. நிறையப் பிள்ளை என்றால் நிறையக் கை என்ற காலம் போய், நிறையப் பிள்ளை என்றால் நிறையச் செலவு என்றானது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராமச் செவிலியர்களும் பிறந்த பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். 2020இல் தமிழ்நாட்டில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 13, உத்தரப்பிரதேசத்தில் 38. பெற்ற பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை இல்லாத ஊரில் யாரும் இரண்டோடு நிறுத்தமாட்டார்கள்.

ஊர்களின் அமைப்பும் உதவியது. தமிழ்நாட்டில் சிறு நகரங்கள் நெருக்கமாக அமைந்தவை. எந்தக் கிராமத்திலிருந்தும் பேருந்து ஏறினால் ஒரு சந்தை ஊரோ வட்டத் தலைநகரோ வந்துவிடும். பிறப்பு விகிதம் எந்தெந்த மாவட்டங்களில் எப்போது குறைந்தது என்று வரைபடத்தில் பின்தொடர்ந்த கிறிஸ்தோஃப் கில்மோட்டோ போன்றவர்கள், சரிவு பக்கத்துக்குப் பக்கம் பரவியதைக் காட்டினார்கள். கோயம்புத்தூரைச் சுற்றிய கொங்குப் பகுதி அதில் முன்னால் நின்றது. நூற்பாலைக்கும் விசைத்தறிக்கும் பெண்கள் வேலைக்குப் போன பகுதி அது. பக்கத்து வீட்டுக்காரி ஆபரேஷன் செய்துகொண்டு நலமாக இருப்பதைக் கண்ணால் பார்ப்பதைவிட வலுவான பிரசாரம் வேறில்லை.

இந்த வெற்றிக்கு யார் உடம்பு விலை கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

உசிலம்பட்டி எழுப்பிய கேள்வி

டைசன், மூர் கட்டுரை வெளிவந்து மூன்றே ஆண்டுகளில், 1986 ஜூனில், 'இந்தியா டுடே' உசிலம்பட்டிப் பகுதியில் நடக்கும் பெண் சிசுக்கொலை பற்றி அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. பெண்ணுக்கு மதிப்புத் தரும் தெற்கு என்று அறிஞர்கள் வரைந்த வரைபடத்தின் நடுவிலிருந்து அந்தச் செய்தி வந்தது.

அதைவிட அதிர்ச்சி தரும் பொருத்தம் ஒன்று உண்டு. தென்னிந்திய மண உறவின் இலக்கணத்தை உலகுக்குக் கற்பித்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1949-50இல் களப்பணி செய்தது இதே வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் ஊர்களில். 1957இல் வெளிவந்த அவருடைய நூல், இரு குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுப்பதையும், பரிசமும் சீருமாக இருபுறமும் மாறி மாறிப் போகும் கொடைகளையும் நுணுக்கமாகப் பதிந்திருக்கிறது. மணவிலக்கும் மறுமணமும் பெண்ணுக்கு மூடப்படாத சமூகம் அது. முப்பத்தைந்து ஆண்டுகளில் அங்கே என்ன நடந்தது?

பரிசம் போய் வரதட்சணை வந்தது. நிலத்துக்கு ஆற்றுநீரும் மின்மோட்டாரும் வந்து, பணப்பயிர் வந்து, சிலர் கையில் காசு சேர்ந்தது. வைகை அணை 1950களின் இறுதியில் வந்த பிறகு பாசனம் பெற்ற ஊர்களுக்கும் பெறாத ஊர்களுக்கும் இடையே ஏற்றத்தாழ்வு கூடியதை ஆய்வாளர்கள் சிலர் சுட்டியிருக்கிறார்கள். ஆண்கள் படித்து அரசு வேலைக்குப் போனார்கள். சம்பளம் வாங்கும் மாப்பிள்ளை அரிதான பொருளானான். அத்தை மகளை விட்டுவிட்டு அசலில் பெண் எடுத்தால் அவனுக்கு நகையும் ரொக்கமும் கிடைத்தன. திருச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்து கரின் கபாடியா 1995இல் வெளியிட்ட நூல் இந்த மாற்றத்தைச் சாதி சாதியாகப் பின்தொடர்கிறது. சமமான இரு வீடுகளுக்கு இடையிலான உறவாக இருந்த கல்யாணம், பெண் வீட்டார் விலை கொடுத்து மேலே ஏறும் முயற்சியாக மாறியது. எந்த அமைப்பு பெண்ணின் பக்கம் நின்றது என்று டைசனும் மூரும் காட்டினார்களோ, அந்த அமைப்பே உள்ளிருந்து கரைந்துகொண்டிருந்தது.

இன்னொரு அழுத்தமும் சேர்ந்தது. மக்கள்தொகை ஆய்வாளர்கள் மோனிகா தாஸ் குப்தாவும் மாரி பட்டும் 1990களில் தெளிவாக விளக்கியது அது. ஆறு பிள்ளை பெறும் குடும்பத்தில் மகன் பிறக்காமல் போவது அரிது. மகள்களும் பிறந்து வளர்வார்கள். இரண்டோடு நிறுத்த நினைக்கும் குடும்பம் ஒரு மகனாவது வேண்டும் என்ற ஆசையை மட்டும் குறைத்துக்கொள்ளாவிட்டால், இரண்டாவது மகளுக்கே இடமில்லாமல் போகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்த அளவுக்கு மகன் ஆசை குறையாததால், சிறு குடும்பம் என்ற நல்ல செய்தியே பெண் சிசுவுக்குக் கூற்றாக வந்தது.

உசிலம்பட்டியின் பெயரால் ஒரே சாதியின் மீது இந்தப் பழியைச் சுமத்துவது பெருந்தவறு. குற்றப்பரம்பரைச் சட்டத்தால் ஏற்கெனவே முத்திரை குத்தப்பட்டு அவமானப்பட்ட மக்கள் பிரமலைக் கள்ளர்கள். சேலம், தர்மபுரி, நாமக்கல், தேனி மாவட்டங்களில் வேறு பல சாதிகளிலும் இதே கொடுமை நடந்தது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தர்மபுரியில் 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள், சேலத்தில் 851. பஞ்சாபில் அப்போது 798.

எண்கள் திரும்பியதும் இடம் மாறியதும்

1992இல் ஜெயலலிதா அரசு, பெற்றோர் வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையை அரசிடமே ஒப்படைக்க வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. பின்னர் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கும் போனது. பெண் குழந்தையின் பெயரில் அரசு பணம் போட்டு வைக்கும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. தொட்டில் திட்டத்தின் மேல் கடுமையான விமர்சனம் உண்டு. மகளை வளர்க்க வேண்டிய பொறுப்பைப் பெற்றோரிடமிருந்து எடுத்துவிடுகிறது என்பது அதன் மையம். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளைக் கொண்டு ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா ஆகியோர் 1997இல் மெய்ப்பித்துக் காட்டிய மரணங்களைப் பார்த்த எவரும் அரசு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று சொல்லமாட்டார்கள். அதன் பிறகு தர்மபுரியில் வீதி நாடகங்களும் கலைநிகழ்ச்சிகளும் ஊர் ஊராகப் போயின. செவிலியர்கள் கருவுற்ற தாய்மார்களைப் பெயர் சொல்லித் தொடர்ந்தார்கள். 2011இல் தர்மபுரியின் எண் 913 ஆக ஏறியது. சேலம் 916 ஆனது. பத்தே ஆண்டில் இவ்வளவு திரும்புமானால், பண்பாடு என்பது கல்லில் வெட்டிய எழுத்து ஆகாது.

ஆனால் அதே 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் அடிமட்டம் வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தது: கடலூரில் 896, அரியலூரில் 897. முந்தைய கணக்கெடுப்புகளின் கவலைப் பட்டியலில் இல்லாத மாவட்டங்கள் இவை. பிறந்த பிறகு நடந்தது ஸ்கேன் மையங்கள் வழியாகப் பிறக்கும் முன்பே நடக்கத் தொடங்கிவிட்டது என்று அஞ்ச இடமிருக்கிறது. கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. சட்டம் மருத்துவரைத் தடுக்கலாம். மகள் என்றால் செலவு என்று போடும் கணக்கை அது தானாக மாற்றிவிடாது.

அசலில் கொடுத்த பெண்ணுக்கு எது துணை?

1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதித் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. 2019-21இல் அது சுமார் 28 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. நெருங்கிய உறவில் மணந்தால் பிள்ளைகளுக்குப் பரம்பரை நோய் வரும் ஆபத்து கூடும் என்று மருத்துவர்கள் சொன்னதும் ஒரு காரணம். படிப்பும் நகர வேலையும் இன்னொரு காரணம். ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று குடும்பம் சுருங்கியதில் முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் இல்லாமலே போனது மூன்றாவது காரணம். மாமனும் அத்தையும் இல்லாத தலைமுறையில் மாமன் மகளை எங்கே தேடுவது? பிறப்புக் குறைவு தன்னைச் சாத்தியமாக்கிய உறவுமுறையையே இப்படிச் சுருக்கிவிட்டது. கொங்குப் பகுதியில் பெண் குழந்தைகள் குறைந்த தலைமுறை மணவயதுக்கு வந்தபோது, சொந்தச் சாதியில் பெண் கிடைக்காத விவசாயக் குடும்பத்து ஆண்கள் பாலக்காட்டுக் கணவாய் தாண்டிக் கேரளத்தில் பெண் எடுத்தார்கள். சாதிக்குள்ளேயே பெண் தேடி வந்தவர்கள் மொழி கடந்து தேட வேண்டியதாயிற்று.

பழைய முறையை மீட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்குள் கட்டாயம் இருந்தது. அக்காள் மகள் என்பதற்காகவே வயதில் இரு மடங்கு மூத்த தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்டிய பெண்கள் கணக்கில்லாமல் இருந்தார்கள். சாதியின் வேலியும் அதன் வழியாகவே காக்கப்பட்டது. ஆயினும் அந்த முறை பெண்ணுக்குக் கொடுத்த ஒன்றை மறந்துவிடக் கூடாது: ஓடி வந்தால் கதவு திறக்கும் ஒரு வீடு, எட்டும் தொலைவில். அந்த வீடு தொலைவாகிவிட்ட காலத்தில் அதன் இடத்தை அவளுடைய சொந்த உரிமைகள்தான் நிரப்ப முடியும்.

அந்த உரிமைகளில் முதன்மையானது சொத்து. 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. நாடு முழுவதும் அது சட்டமாக மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின. ஆனால் ஊரில் நடப்பது வேறு. அப்பா இறந்ததும் சகோதரிகள் பத்திர அலுவலகத்துக்குப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். பங்கு கேட்டால் அண்ணன் தம்பி உறவு முறிந்துவிடும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் வராது என்ற பயம் அதன் பின்னால் இருக்கிறது. உறவின் பெயரால் உரிமை விடப்படுகிறது. அந்த உறவோ ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது. அதே வீட்டில் வரதட்சணை மட்டும் மகளின் பங்கு என்று கணக்கில் எழுதப்படுகிறது, அவள் கைக்கு வராமலே.

இனி எதை எண்ணுவது?

2020இல் மாதிரிப் பதிவு முறையின்படி தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.4. மத்திய அரசின் தொழில்நுட்பக் குழுவின் முன்கணிப்பின்படி 2031இல் மாநில மக்களில் 18 விழுக்காட்டுக்கும் மேல் அறுபது வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள். திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள் உழைக்கிறார்கள். தொகுதி மறுவரையறை வந்தால், பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலம் மக்களவையில் குரலை இழக்கும் என்ற அச்சமும் நியாயமானதே; 1962இல் 41 ஆக இருந்த இடங்கள் 1967இல் 39 ஆகக் குறைந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. 2024 அக்டோபரில் ஆந்திர, தமிழ்நாட்டு முதலமைச்சர்கள் இருவருமே அதிகப் பிள்ளைகள் பற்றிப் பொதுமேடையில் பேசினார்கள்.

கூட்டாட்சியில் நீதி கேட்பது அரசியலின் வேலை. அதை உரத்துக் கேட்க வேண்டும். அதற்கு விடையாகப் பெண்ணின் கருப்பையைக் காட்டக் கூடாது. ஐம்பது ஆண்டுகளாக அரசு அவளிடம் குறைத்துப் பெறு என்றது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குக் கூட்டிப் பெறு என்று சொல்லுமானால், இரண்டு முறையும் அவளைக் கேட்காமலே முடிவு செய்ததாகத்தான் பொருள்.

தமிழ்நாட்டின் அனுபவம் உறுதியாகக் கற்றுத்தருவது ஒன்று உண்டு. பிறப்பு விகிதம் குறைவதும் பெண்ணின் நிலை உயர்வதும் ஒரே பாதையில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உறவு அவள் பக்கம் இருந்த இடத்தில், இயக்கமும் அரசும் சேர்ந்தபோது இரண்டும் ஒன்றாகப் போயின. உறவு சந்தையாக மாறிய இடத்தில் பிறப்பு குறைந்தது, மகள் மறைந்தாள். ஆகவே இனி ஒரு மாவட்டம் முன்னேறியதா என்று பார்ப்பவர்கள் எத்தனை பிள்ளை என்பதோடு நிற்காமல், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்த மகள்கள் எத்தனை பேர், கருத்தடையின் சுமையை ஏற்ற ஆண்கள் எத்தனை பேர், வரதட்சணை இல்லாமல் நடந்த கல்யாணங்கள் எத்தனை என்று எண்ணட்டும். குடும்பத்தை அளக்க வேண்டிய எண்கள் அவையே.